கல் பார்க்க வந்தவர்கள்: கனிமத் தேடல் பற்றி ஊர்களில் கேட்ட கேள்விகள்

பல வருடங்கள் கனிமத் தேடல் முகாம்களில் வேலை பார்த்தவன் நான். இப்போது ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் போய்ப் பாறைகளைப் பற்றிப் பேசி வருகிறேன். டீக்கடையிலும் கிராம சபையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகள் கோபத்தோடு வரும். அந்தக் கோபத்தில் பெரும்பாலும் நியாயம் இருக்கும். பாறை பற்றிய விவரம் அதன் மேல் குடியிருப்பவருக்குக் கடைசியில்தான் போய்ச் சேருகிறது. முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும் என்பது என் கருத்து.

நிலவியல், புவியியல் இரண்டும் ஒன்றா?

பள்ளிக்கூடத்தில் புவியியல் என்றால் வரைபடம், மழை, பயிர், நாடுகள். பாறை, கனிமம், பூமியின் வயது பற்றிய படிப்பு நிலவியல். ஆனால் அரசு அலுவலகப் பலகைகளில் இதற்கும் ‘புவியியல்’ என்றே எழுதியிருப்பார்கள். 1851-இல் தொடங்கிய, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வு மையம் செய்வதும் நிலவியல் வேலைதான்.

எங்கள் கரட்டில் நாலு பேர் சுத்தியலோடு வந்து கல்லை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். சுரங்கம் வரப்போகிறதா?

உடனே அப்படி நினைத்துவிட வேண்டாம். நாட்டில் ஓர் இடம் விடாமல் பாறை வரைபடம் போட வேண்டியது ஆய்வு மையத்தின் வேலை. உங்கள் ஊர் ஓடையில் மண் அள்ளிப் போனவர்கள் அந்த மண்ணில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்கப் போயிருக்கலாம். அந்தக் கணக்கு விவசாயத்துக்கும் குடிநீர் ஆராய்ச்சிக்கும்கூட உதவும்.

கனிமத் தேடலுக்கென்றே வருவதாக இருந்தால் அதில் நான்கு படிகள் உண்டு. முதல் படி ஜி4: மேலோட்டமாக நடந்து பார்ப்பது, மாதிரி எடுப்பது. அப்புறம் ஜி3, ஜி2 என்று போகப் போகத் துளைகள் நெருக்கமாகும், கணக்கு துல்லியமாகும். ஜி1 வந்தால்தான் எவ்வளவு இருக்கிறது, எந்த ஆழத்தில், எந்தத் தரத்தில் என்று உறுதியாகச் சொல்ல முடியும். பெரும்பாலான தேடல்கள் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிடும். நானே மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்த இடங்கள்தான் அதிகம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஓரளவு தேடி முடித்த பிறகுதான் சுரங்க உரிமைக்கு ஏலம் வரும். 2021-இல் விதி மாறியது. ஜி4 நிலையில் இருக்கும் நிலத்தையும் கூட்டு உரிமத்துக்கு ஏலம் விடலாம் என்று ஆயிற்று. கூட்டு உரிமம் என்றால் எடுத்தவர் முதலில் தேடலாம், கிடைத்தால் அவரே சுரங்கக் குத்தகையும் பெறலாம். அதனால் ‘சும்மா ஆய்வுதான்’ என்ற பதிலோடு திருப்திப்பட வேண்டாம். எந்தப் படி, யாருக்காக என்று கேளுங்கள்.

ராத்திரியில் ஊதா விளக்கை வைத்துக்கொண்டு பாறை மேல் நடக்கிறார்களே, என்ன திருட்டு வேலை அது?

இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. டங்ஸ்டன் என்ற உலோகம் உள்ள ஷீலைட் என்ற கனிமம் பகலில் பார்த்தால் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) போலவே வெளிறிக் கிடக்கும். கைதேர்ந்தவர்களே ஏமாந்துபோவார்கள். இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டினால் மட்டும் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். அதனால் அதைத் தேடுகிறவர்கள் ராத்திரியில்தான் நடந்தாக வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேறொரு மாநிலத்தில் நான் இருந்த குழு ஊரில் ஒரு வார்த்தை சொல்லாமல் விளக்கோடு கிளம்பிப் போனது. புதையல் எடுக்க வந்தவர்கள் என்று நினைத்து ஊரே திரண்டு எங்களைச் சூழ்ந்துகொண்டது. தப்பு எங்களுடையதுதான். மறுநாள் அதே ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் விளக்கைக் கையில் கொடுத்தோம். கல் ஒளிர்ந்ததும் அவர்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

துளை போட்டால் எங்கள் போர் வற்றிவிடாதா?

தேடலுக்குப் போடும் துளை தண்ணீருக்குப் போடும் போரைவிடக் குறுகலானது. போர்வெல் ஆறரை அங்குலம் என்றால் இது பெரும்பாலும் மூன்று அங்குலம்தான். வைரம் பதித்த வளையம் பாறையை வட்டமாக அறுத்துக்கொண்டே இறங்கும். நடுவில் நிற்கும் உருளைக் கல்லை மேலே எடுத்துப் பெட்டியில் ஆழ வரிசைப்படி அடுக்குவார்கள். அந்தக் கல்தான் எங்களுக்கு வேண்டியது, தண்ணீர் இல்லை. கொங்குப் பக்கம் விவசாயிகளே ஆயிரம் அடி தாண்டிப் போர் இறக்குகிறார்கள். தேடல் துளைகள் பல அதைவிடக் குறைவான ஆழத்தில் நின்றுவிடும்.

ஆகவே ஒரு துளையால் ஊர் வற்றிப்போகாது. ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததும் துளையைச் சிமெண்ட் கலவையால் அடைக்காமல் போனால், மேலிருக்கும் அழுக்குத் தண்ணீர் கீழே இறங்க அது வழியாகிவிடும். ஆடு மாட்டுக் கால் மாட்டும், பிள்ளைகளுக்கும் ஆபத்து. துளை போடும் ரிக் வண்டியிலிருந்து டீசலும் எண்ணெயும் கசிந்து மண்ணில் ஊறும். ரிக் ஓடத் தண்ணீர் வேண்டும். அதை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதும் ஊர் கேட்க வேண்டிய விஷயம். துளை அடைத்ததை நேரில் பார்த்து, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

சுரங்கம் தோண்டுவது வேறு கதை. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் குழியில் ஊறும் தண்ணீரை ராத்திரி பகலாக இறைத்தாக வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளில் அது தெரியும். துளைக்குச் சொன்ன சமாதானத்தைச் சுரங்கத்துக்கும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

‘இத்தனை லட்சம் டன் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வருகிறதே, அதற்கப்புறம் ஏன் சத்தமே இல்லை?

2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் என்று அறிவிப்பு வந்தது. நாடே கொண்டாடியது. அந்த அறிவிப்பிலேயே ‘அனுமானிக்கப்பட்ட வளம், ஜி3’ என்று இருந்தது. பல தலைப்புச் செய்திகளில் அது விடுபட்டுப் போனது. அந்த ஆண்டு கடைசியில் ஏலத்துக்கு வந்தபோது போதுமான ஏலதாரர்கள் வரவில்லை. 2024-இல் ஏலம் ரத்தானது.

‘வளம்’ வேறு, ‘இருப்பு’ வேறு. பாறைக்குள் இருக்கிறது என்று கணித்தது வளம். இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில், சட்டத்துக்கு உட்பட்டு எடுத்து லாபம் பார்க்க முடியும் என்று தேறியது இருப்பு. செய்தியில் டன் கணக்கு வந்தால் இது எந்தக் கணக்கு என்று பாருங்கள். அதைச் சொல்லாத செய்தி பாதிச் செய்திதான்.

எங்கள் மலையில் தங்கம் இருக்கிறதாமே?

இருக்கலாம். பாறையில் எங்கேயும் கொஞ்சம் தங்கம் இருக்கத்தான் செய்யும்; அரைத்து எடுக்கும் செலவுக்குக் கட்டுமா என்பதே கேள்வி. மினுமினுப்பாகக் கையில் ஒட்டுவது பெரும்பாலும் காக்காப்பொன், அதாவது மைக்கா. பித்தளை நிறத்தில் சதுரம் சதுரமாக இருந்தால் பைரைட். சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: தங்கம் நசுங்கும், பைரைட் உடையும்.

தங்கம் கிடைத்த ஊரின் கதை வேண்டுமா? கோலார் நமக்குப் பக்கம்தான். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழர்களின் உழைப்பில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் தோண்டிய சுரங்கம் அது. 2001-இல் மூடினார்கள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்னும் மலை மலையாக நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூசு வீடுகளுக்குள் வருகிறது. கிடைத்தால் என்ன ஆகும் என்பதோடு, தீர்ந்தால் என்ன ஆகும் என்றும் சேர்த்தே யோசிக்கச் சொல்வேன்.

என் பட்டா நிலத்துக்கு அடியில் இருப்பது அரசாங்கத்துக்குச் சொந்தமா?

எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். 2013-இல் கேரள நில உரிமையாளர்கள் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது: சட்டப்படி முறையாகப் பறிக்கப்படாத வரை, அடிமண்ணும் கனிமமும் நில உரிமையாளரைச் சேர்ந்தவை. ஆனால் சொந்தம் என்பதால் நீங்களே தோண்டி விற்றுவிட முடியாது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி குத்தகை இல்லாமல் எடுப்பது குற்றம்.

அதே சட்டத்தில் நிலத்துக்காரருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உரிமம் பெற்றவர் நிலத்துக்குள் வரலாம், ஆனால் வீட்டுக்குள்ளோ வீட்டை ஒட்டிய வேலி போட்ட முற்றம், தோட்டத்துக்குள்ளோ உங்கள் சம்மதம் இல்லாமல் நுழைய வேண்டுமென்றால் ஏழு நாளாவது முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். பயிருக்கோ நிலத்துக்கோ சேதம் வந்தால் இழப்பீடு தர வேண்டும். ரிக் வண்டி வருவதற்கு முன்பே பயிரின் நிலையைப் போட்டோ எடுத்து விஏஓவிடம் சொல்லி வையுங்கள்.

அரிட்டாபட்டியில் நடந்தது என்ன?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து ஊர் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசே கணக்குக் கொடுத்திருக்கிறது. சமணர் படுக்கையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் அங்கே உண்டு. ராஜாளிகள் அந்தப் பாறைகளில் கூடு கட்டுகின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள்.

அந்த இடத்தையும் உள்ளடக்கி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேரை ஒன்றிய அரசு கூட்டு உரிமத்துக்கு ஏலம் விட்டு, 2024 நவம்பரில் ஏலதாரரை அறிவித்தது. முக்கியக் கனிமங்கள் என்று 24 கனிமங்களைப் பட்டியலிட்டு, அவற்றின் ஏலத்தை ஒன்றிய அரசே நடத்த 2023-இல் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. அந்தப் பட்டியலில் டங்ஸ்டனும் ஒன்று. ஊர்மக்களில் பெரும்பாலானோருக்கு ஏலம் முடிந்த செய்தி வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, ஜனவரியில் மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள், 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

நிலவியல்காரனாக எனக்கு இதில் வருத்தம் ஒன்று உண்டு. அந்த ஊற்றுகள் எப்படி உண்டாகின்றன என்பது எங்கள் படிப்புக்குள் வருகிற விஷயம். மழைத்தண்ணீர் பாறை விரிசலில் இறங்கி, அடியில் கெட்டிப் பாறை தடுக்கும் இடத்தில் பக்கவாட்டில் கசியும். பாறையை உடைத்தால் அந்த வழியே போய்விடும். தொகுதியின் எல்லையைக் கோடு போடும் முன்பு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்திருந்தால், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்று அவரே காட்டியிருப்பார்.

சுரங்கத்துக்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டாமா?

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பெரிய சுரங்கங்களுக்கு அனுமதி தரும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. அது சுரங்கக் கட்டத்தில்தான் வரும், தேடல் கட்டத்தில் வராது. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் அந்தக் கூட்டத்திலிருந்தே விலக்கு என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை வெளியிட்டது. தமிழ்நாடு எதிர்த்தது. நானும் எதிர்க்கிறேன். கேட்காமல் செய்யும் வேலை சீக்கிரம் முடியும் என்பது தப்புக் கணக்கு; அரிட்டாபட்டி முடிந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அப்படியானால் சுரங்கமே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. உங்கள் போர் இறக்கிய ரிக்கின் முனையில் இருக்கும் குமிழ்கள் டங்ஸ்டன் கார்பைடு. அரியலூர் சுண்ணாம்புக்கல் இல்லாமல் நம் வீடுகள் இல்லை. சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) உருக்காலை உலைகளுக்குள் செங்கல்லாகப் போகிறது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளையிட்டபோது வந்த கறுப்பு மண்ணிலிருந்துதான், அதாவது பழுப்பு நிலக்கரியிலிருந்துதான், இந்த மாநிலத்தின் மின்சாரக் கதை ஒன்று தொடங்கியது. அதே நெய்வேலியைச் சுற்றி நிலம் கொடுத்த குடும்பங்கள் இன்றும் வேலையும் இழப்பீடும் கேட்டுக்கொண்டு நிற்கின்றன. இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிறவரை, அவர் எந்தப் பக்கம் நின்றாலும், நம்பாதீர்கள்.

சுரங்கம் வந்த ஊருக்கு ஏதாவது பணம் உண்டா?

உண்டு. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் குத்தகைதாரர் பணம் கட்ட வேண்டும். ஏலத்தில் எடுத்தவர் ராயல்டியில், அதாவது எடுக்கும் கனிமத்துக்கு அரசுக்குக் கட்டும் தொகையில், 10 சதவீதம், பழைய குத்தகைக்காரர் 30 சதவீதம். குடிநீர், மருத்துவம், கல்விக்கு முன்னுரிமை. உங்கள் மாவட்டத்தில் என்ன செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

யார் அனுப்பினார்கள், கடிதம் எங்கே? என்ன தேடுகிறீர்கள், எந்தப் படி? எத்தனை துளை, எங்கே, எப்போது அடைப்பீர்கள்? முடிவை எங்களிடம் எப்போது, தமிழில், சொல்வீர்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பூகோஷ் என்ற அரசு இணையதளத்தில் வரைபடங்களும் அறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தில். படித்த பிள்ளைகளை உட்கார வைத்து உங்கள் ஊர் வரைபடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. குழுவை அங்கே அழைத்து, எல்லார் முன்னாலும் பேச வைத்து, சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

நான் இளம் நிலவியலாளர். ஊரில் எப்படிப் பேசுவது?

படக்காட்சியை மூட்டை கட்டி வையுங்கள், தம்பி. துளையிலிருந்து எடுத்த கல்லைப் பெட்டியோடு கொண்டு போய்த் திண்ணையில் வையுங்கள். தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ‘உங்களுக்கு வேலை கிடைக்கும்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் கொடுக்கும் அதிகாரம் நமக்குக் கிடையாது. பெண்கள் வரும் நேரம் பார்த்துக் கூட்டம் வையுங்கள். தண்ணீர் எங்கே ஊறும், எங்கே உப்புக் கரிக்கும் என்பது குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் அத்துப்படி. ஒன்றும் கிடைக்காமல் திரும்பும்போதும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். சொல்லாமல் போனால் அந்த ஊர் வருடக்கணக்கில் பயத்தோடே கிடக்கும்.

பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லை. எப்படிச் சொல்லித் தருவது?

ஒரு காந்தம், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு இரும்புக் கத்தி போதும். காந்தத்தை ஆற்று மணலில் புரட்டுங்கள்; ஒட்டும் கறுப்புத் துகள் மாக்னடைட், சேலம் கஞ்சமலையில் பாறையாகவே இருப்பது. சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். கத்தி சுண்ணாம்புக்கல்லைக் கீறும், வெங்கச்சங்கல்லைக் கீறாது.

வெளியே கூட்டிப் போக முடிந்தால் இடத்துக்குக் குறைவில்லை. பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம், அதாவது கல்லாக மாறிய மரம், படுத்திருக்கிறது. 1940-இல் அதை முதலில் பதிவு செய்தவர் தஞ்சைப் பக்கத்து எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் முதல் இந்திய இயக்குநரும் அவரே. விழுப்புரம் திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி வருடத்துக் கல்மரங்கள். சென்னைப் பிள்ளைகளுக்குப் பரங்கிமலையே போதும். பக்கத்துப் பல்லாவரத்திலும் அதே பாறைதான். கொல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்குப் போன கல் பல்லாவரத்துக் கல். 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரால் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். அரியலூர்ப் பக்கம் போனால் வாரணவாசி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கல்மரத்தையும் கடல் சங்குக் கல்லையும் எடுத்து வர வேண்டாம். படம் வரைந்து வந்தால் போதும்.

கல்லுக்கு எங்கள் ஊரில் வழங்கும் பெயர்களைச் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்களே?

சிரிக்கட்டும். உலகம் முழுக்க கொரண்டம் என்று சொல்லும் கனிமத்தின் பெயர் நம் குருந்தத்திலிருந்து போனது. மாணிக்கமும் நீலமும் அந்தக் குருந்தத்தின் வகைகள்தான். நாமக்கல் சித்தம்பூண்டியில் குருந்தம் கிடைக்கும் வெள்ளைப் பாறை அனார்த்தோசைட். நிலவின் மேட்டு நிலப் பாறையும் அதே இனம். அதனால்தான் அந்தப் பக்கத்துப் பாறையைப் பொடித்து நிலவு மண் போலச் செய்து, சந்திரயான்-2 இறங்குகலத்தை இஸ்ரோ சோதித்தது.

போன மாதம் ஒரு பள்ளியில் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டுத் தாத்தா பாட்டியிடம் அவர்களுக்குத் தெரிந்த கல் பெயர்களை எல்லாம் கேட்டு எழுதி, அந்தக் கல்லையும் கொண்டு வாருங்கள் என்றேன். சுக்கான்கல், ஓடைக்கல், வெங்கச்சங்கல், காக்காப்பொன் என்று முப்பதுக்கு மேல் வந்தன. அதில் ஐந்துக்கு எங்கள் பாடப்புத்தகப் பெயர் எது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் தலைமையாசிரியர் அறை ஜன்னலோரம் அடுக்கி, பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது.